ஒரு சுவரொட்டியும் ஒரு பழங்கடனும்

விழா மலருக்குக் கட்டுரை வரையப் புகுவார் சான்றோர் வரலாற்றையோ, செய்யுள் நயத்தையோ, கோயிற் சிற்பத்தையோ பொருளாகக் கொள்ளுதல் வழக்கு. அவ்வழக்கினின்றும் விலகி, அமெரிக்க இசைக்குழு ஒன்றின் கச்சேரியை அறிவிப்பதற்காக 1966ஆம் ஆண்டில் அச்சிடப்பெற்ற சுவரொட்டி ஒன்றை ஈண்டு எடுத்துக்கொண்டோம். அதற்குரிய காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை. இன்று எம் மாணவர் கண்ணிற் படும் படங்களுட் பெரும்பாலன எதையேனும் விற்பதற்கோ அறிவிப்பதற்கோ செய்யப்பட்டவை. செய்யுளொன்று கிடைப்பின் அதனைச் சீர் பிரித்து, அணி கண்டு, பொருளுரைக்கப் பயிற்றுகின்றோம். செய்யுளினும் பன்மடங்கு மிகுதியாய் அவர் கண்முன் வந்து விழும் இப்படங்களை நின்று நோக்கி, இஃது ஏன் இவ்வாறு அமைந்தது, எங்கிருந்து வந்தது என வினவப் பயிற்றுவார் மிகச் சிலரே. சுவரொட்டி நோக்கத் தகாத இழிந்த பொருள் என்னும் எண்ணமே அதற்குக் காரணம் போலும். நல்லதொரு சுவரொட்டியைச் செய்யுளை ஆராயுமாறு போலவே ஆராயலாம் என்பதும், அவ்வாறு ஆராயுமிடத்து அதன் சிறப்பேயன்றி அது செலுத்தாது விட்ட கடனும் புலனாகும் என்பதும் எம் கருத்து.

சுவரொட்டி பிறந்த இடத்தைச் சுருங்கக் கூறுவோம். கலிபோர்ணியா மாநிலத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரிலே, சற்றர் வீதியில், அவலொன் என்னும் நடனமண்டபம் ஒன்று இருந்தது. செற் ஹெல்ம்ஸ் என்பவர் தலைமையில் இயங்கிய ‘பமிலி டோக்’ என்னும் அமைப்பினர் 1966 முதல் 1968 வரை அங்கே வார இறுதிகளில் இசைக் கச்சேரிகளை நடாத்தினர். கச்சேரிதோறும் ஒரு சுவரொட்டி. சுவரொட்டிதோறும் ஒரு தொடரெண். 1966 செப்ரெம்பர் 16, 17ஆம் நாள்களில், வெள்ளி சனி இரவுகளில், ‘கிரேற்புல் டெட்’ என்னும் குழுவும் ‘ஒக்ஸ்போட் சேர்க்கிள்’ என்னும் குழுவும் அம்மண்டபத்தில் வாசித்தன. அக்கச்சேரிக்குரிய 26ஆம் இலக்கச் சுவரொட்டியே எம் ஆய்வுப் பொருள். அதனை ஆக்கியோர் அல்ரன் கெலி, ஸ்ரான்லி மவுஸ் என்னும் இருவர். இருவரும் 1940ஆம் ஆண்டிற் பிறந்தவர். அப்பொழுது முப்பது வயதை எட்டாதவர். கெலி, பமிலி டோக் அமைப்பைத் தொடக்கியோருள் ஒருவர். மவுஸ், டெற்றோயிற் நகரிலே மோட்டார் வண்டிப் பித்தரின் மேற்சட்டைகளிற் பூத உருவங்களை வரைந்து விற்றுப் பிழைத்தவர். கலைக்கழகங்களின் பட்டியலிலே இடம்பெறத்தக்க தொடக்கம் அன்று. ஆயினும் கை பழகியது அங்கேதான்.

இனிச் சுவரொட்டியை நோக்குவோம். தாள் ஏறக்குறைய 20 அங்குல உயரமும் 14 அங்குல அகலமும் உடையது. நடுவிலே மனித என்புக்கூடு ஒன்று நிற்கின்றது. அதன் தலையிலே ரோசாமலர்களாலாய முடி. மேனியைச் சூழ ரோசாச் செடி தழைத்துப் பூத்திருக்கின்றது. மலர்களுக்குச் செந்நிறம் ஊட்டப்பட்டிருக்கின்றது. என்புகள் வெளிறியே நிற்கின்றன. மேலே குழுவின் பெயர் பெரிய வளைந்த எழுத்துகளாலே தீட்டப்பட்டிருக்கின்றது. மண்டபத்தின் பெயர், நாள், துணைக்குழுவின் பெயர் முதலியன சிறிய எழுத்துகளிலே அமைந்துள்ளன.

பட்டியல்போற் கூறின் இவ்வளவே. ஆனால் நின்று நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது ஒரு வியப்பு: என்புக்கூடு எமக்கு அச்சம் தரவில்லை. மேனாட்டுச் சித்திரங்களிலே சாவைக் குறிக்க வரும் என்புக்கூட்டின் கையில் அரிவாள் இருக்கும், மணற்கடிகை இருக்கும், பல்லிளிப்பு இருக்கும். இங்கே அவையொன்றும் இல்லை. விருந்துக்கு அழைக்கப்பெற்று, மலர் சூட்டப்பெற்று, சற்றே ஓய்ந்து நிற்கும் விருந்தினன் ஒருவனைப் போல அது நிற்கின்றது. இவ்வுணர்வு எங்கிருந்து பிறக்கின்றது என்று தேடினால், கோட்டின் தன்மையிலிருந்து பிறக்கின்றது என்றே சொல்லவேண்டும். விலா என்பின் வளைவை வரைந்த அதே மெல்லிய பேனாக்கோடுதான் ரோசா இதழின் மடிப்பையும் வரைந்திருக்கின்றது. ஒன்றை அருவருப்பாகவும் மற்றொன்றை அழகாகவும் காட்டவேண்டும் என்று வரைந்தவர் நினைக்கவில்லை. மண்டையோட்டின் உருட்சியும் மலரின் உருட்சியும் ஒன்றையொன்று ஒத்து நிற்கின்றன. கண் மண்டையோட்டிற் சென்று, அங்கிருந்து முடிக்கு ஏறி, முடியிலிருந்து மேலேயுள்ள பெயருக்குச் செல்கின்றது. பெயரை வாசித்தபின் மீண்டும் உருவத்துக்கு இறங்குகின்றது. இறங்கும்போது அவ்வுருவம் முன்னிருந்த பொருளை விட்டு வேறு பொருள் பெற்றுவிடுகின்றது. அதற்குக் காரணம் அப்பெயர்.

‘கிரேற்புல் டெட்’ என்பதனை ‘நன்றி மறவா இறந்தோர்’ எனத் தமிழாக்கலாம். குழுவினர் தொடக்கத்தில் வேறு பெயர் பூண்டிருந்தனர். அதே பெயருடைய இன்னொரு குழு உண்டென்று அறிந்து, 1965ஆம் ஆண்டின் இறுதியிலே புதுப்பெயர் தேடியபோது, குழுவின் தலைமைக் கித்தார்க்காரரான ஜெரி கார்சியா அகராதி ஒன்றைத் திறக்க, இத்தொடர் கண்ணிற்பட்டது என்பர். அகராதியிலே அஃது ஒரு நாட்டார் கதைவகையின் பெயராகக் கொடுக்கப்பட்டிருந்தது. அக்கதை வருமாறு. பயணி ஒருவன் ஓர் ஊரை அடைகின்றான். அங்கே ஒருவனுடைய பிணம் அடக்கம் செய்யப்படாமற் கிடக்கின்றது. கடன் தீர்க்காது இறந்தானாதலின், கடன் கொடுத்தோர் அடக்கத்தை மறித்துவிட்டனர். பயணி தன் கைப்பொருள் முழுவதையும் கொடுத்து அக்கடனைத் தீர்த்து, பிணத்தை அடக்குவித்து, வெறுங்கையனாய் மேற்செல்கின்றான். பின்னர் அறியாதான் ஒருவன் அவனுக்கு வழித்துணையாய் வந்து, இடர்கள் களைந்து, செல்வமும் மணமும் எய்துவிக்கின்றான். பிரியும் வேளையிலே, ‘உன்னால் அடக்கம்பெற்ற இறந்தோன் யானே’ என்று தன்னை வெளிப்படுத்துகின்றான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல வடிவங்களில் வழங்கும் இக்கதையைத் திரட்டி ஆராய்ந்து, ஜெறோல்ட் என்னும் அறிஞர் 1908ஆம் ஆண்டில் ஒரு தனிநூலே வெளியிட்டார்.

இக்கதையை மனத்திற்கொண்டு சுவரொட்டியை மீண்டும் நோக்கின், மலர்முடியின் பொருள் விளங்கும். இறந்தோனுக்குச் செய்த சிறப்பு அது. அவன் எம்மை நோக்கி நிற்பது அச்சுறுத்தற்கன்று, உதவி செய்தற்கே என்று கொள்ள இடமுண்டு. பெயர் ஒன்று, படம் ஒன்று; இரண்டும் தனித்தனியே நின்றபோது இல்லாத பொருள், சேர்ந்தவுடன் பிறந்துவிட்டது. சுவரொட்டிக் கலையின் உச்சம் இதுவே என்பது எம் துணிபு. அக்காலத்திலே அக்குழுவின் இசைத்தட்டுத் தொகுதி ஒன்றுதானும் வெளிவந்ததில்லை. முதலாவது தொகுதி 1967 மார்ச் மாதத்திலேதான் வந்தது. ஊருக்குள் மாத்திரம் அறியப்பட்ட ஒரு குழுவுக்கு, பின்னர் முப்பது ஆண்டுகள் அதனைவிட்டு நீங்காத ஓர் அடையாளத்தை ஒரு வாரக் கச்சேரியின் அறிவித்தல் தேடிக்கொடுத்தது.

ஆனால், இவ்வளவு நேரமும் நாம் வியந்த கோடு கெலியின் கோடன்று, மவுஸின் கோடுமன்று. இதனை இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும்.

இருவரும் சுவரொட்டிகளுக்குப் படம் தேடிச் சான் பிரான்சிஸ்கோப் பொதுநூல்நிலையத்துக்குச் செல்லும் வழக்கம் உடையவர். பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் புரட்டுவர்; பொருந்துவது கிடைப்பின் எடுத்துக்கொள்வர். அவ்வாறு புரட்டியபோது, உமர் கய்யாம் பாடல்களுக்கு எட்மண்ட் சலிவன் என்னும் ஆங்கிலச் சித்திரக்காரர் வரைந்து, 1913ஆம் ஆண்டில் வெளிவந்த படங்கள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று, ரோசாக்களின் நடுவே மலர்முடி சூடி நிற்கும் என்புக்கூடு. அது கறுப்பு வெள்ளைப் படம். இவர்கள் அதனை எடுத்து, நிறமூட்டி, சட்டமிட்டு, எழுத்தமைத்துச் சுவரொட்டியாக்கினர்.

சலிவன் 1869இற் பிறந்து 1933இல் மறைந்தவர். இலண்டனிலே கோல்ட்சிமித்ஸ் கல்லூரியில் மாணவருக்குச் சித்திரம் கற்பித்தவர். கோட்டுச் சித்திரம் பற்றி நூல்கள் எழுதியவர். பேனாக்கோட்டினாலே ஒளியையும் நிழலையும் சதையையும் துணியையும் வேறுபடுத்திக் காட்டும் பழைய ஆங்கிலக் கோட்டுச் சித்திர மரபின் பிற்காலத்து ஆசிரியருள் ஒருவர் என்று அவரைக் கூறலாம். அவர் படத்துக்கு மூலமான பாடல்களோ எம்மவர்க்குப் புதியனவல்ல. பாரசீகத்து வானியலாளரும் கணிதருமாகிய கய்யாமின் பெயரால் வழங்கும் நாலடிப் பாடல்களை எட்வேட் பிற்ஸ்ஜெரால்ட் ஆங்கிலத்தில் ஆக்கினார்; அவ்வாங்கிலத்தினின்றும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழிற் பாடினார். கவிமணியின் நூலைப் படித்தார், நிலையாமையைக் கூறியே இன்பத்தை அழைக்கும் அப்பாடல்களின் போக்கை அறிவர். சலிவனின் என்புக்கூடும் அந்த நிலையாமையின் உருவமே. பாடல் சாவைப் பேச, படம் அதன்மேல் மலரைச் சூட்டிற்று.

கய்யாம் பாடினார், அவர் பெயரால் வழங்குவனவற்றுள் எத்துணை அவருடையன என்பது இன்றும் அறிஞரிடையே வழக்காயிருக்கின்றது. பிற்ஸ்ஜெரால்ட் 1859இல் தம் ஆங்கில நூலைத் தம் பெயரிடாமலே அச்சிட்டார். விலைபோகாமையின் புத்தகக்கடை வாயிலிலே மலிவுப்பெட்டியில் எறியப்பட்டுக் கிடந்த அதனை, 1861இல் வழிப்போக்கராய் வந்த அறிஞர் ஒருவர் கண்டெடுத்தமையினாலேயே அது புகழடைந்தது. அரை நூற்றாண்டு கழித்துச் சலிவன் படம் வரைந்தார். மேலும் அரை நூற்றாண்டு கழித்து, பசிபிக் கரையிலே, நூல்நிலையத்து அடுக்கொன்றில் இரு இளைஞர் அப்படத்தைக் கண்டெடுத்தனர். கண்டெடுத்தல் என்பது இந்நூலின் தலைவிதி போலும்.

ஆக்கியோரைப் பழிப்பார் இவ்விடத்தில் எழுந்து, ‘அங்ஙனமாயின் இவர்கள் செய்தது யாது? பிறர் படத்தைத் திருடினர்; அவ்வளவே’ என்பர். அவ்வாறு கூறுதல் நேரிதன்று. ஆயிரம் பேர் அந்நூலைப் புரட்டியிருப்பர். பாரசீகப் பாடலுக்கு ஆங்கிலேயர் வரைந்த படமும், அகராதியில் அகப்பட்ட குழுப்பெயரும் ஒன்றற்கொன்று பிறந்தவை எனக் கண்டவர் இவர் இருவரே. நூலிலே அவ்வென்புக்கூடு பாட்டுக்கு அடங்கி நின்றது. வாசகன் பாடலைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தான். சுவரொட்டியிலே பாட்டு நீங்கிற்று. அதன் இடத்திற் பெயர் வந்தது. ‘யாவும் அழியும்’ என்ற படம், ‘இறந்தோரும் நன்றி மறவார்’ என்ற படமாயிற்று. செந்நிறம் ஏறியதும் மலர் முன்னே வந்தது, சாவு பின்னே போயிற்று. நூற்பக்கத்தில் உள்ளங்கையளவாய் மெல்லப் பேசிய உருவம், வீதியில் நிற்பவனை நிறுத்தும் அளவுக்குப் பெருத்தது. இவையெல்லாம் செயல்கள், வெறும் பிரதிசெய்தல் ஆகா.

எழுத்தைப்பற்றியும் சிறிது கூறவேண்டும். அக்காலத்துச் சான் பிரான்சிஸ்கோச் சுவரொட்டிகளின் எழுத்து பலராலும் பழிக்கப்பட்டது. வாசிக்க முடியவில்லை என்பதே குற்றச்சாட்டு. அவ்வெழுத்துமுறையைப் பரப்பியவர் வெஸ் வில்சன். பில் கிரகாம் என்பவர் பில்மோர் மண்டபத்தில் நடாத்திய கச்சேரிகளுக்குச் சுவரொட்டி வரைந்த இவர், வியன்னா நகரத்து அல்பிரெட் ரொலர் 1900ஐ அடுத்த ஆண்டுகளில் அமைத்த எழுத்தைக் காட்சிப்பட்டியல் ஒன்றிற் கண்டு, அதனை உருக்கி வளைத்துத் தமதாக்கிக்கொண்டார். எழுத்துகள் தம்முள் இடைவெளியின்றி நெருங்கி, தீச்சுவாலை போலவும் வீங்கிய குமிழி போலவும் கொடுக்கப்பட்ட வடிவத்தை நிரப்பும். விக்ரர் மொஸ்கோசோ என்னும் இன்னொருவர், யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் அல்பெர்ஸ் என்னும் பேராசிரியரிடம் நிறங்களின் இயல்பைப் பயின்றவர். எந்நிறங்களை அருகருகே வைத்தலாகாது என்று கற்றாரோ, அவற்றையே அருகருகே வைத்துத் தாளைக் கண்முன் அதிரச் செய்தார்.

பேருந்தில் விரைந்து செல்வோனும் ஒரு நொடியில் வாசிக்கத்தக்கதாய் இருத்தலே சுவரொட்டிக்கு இலக்கணம் என்று கொள்வார்க்கு இவை பிழையாகவே தோன்றும். ஆனால் இலக்கணம் இடம் நோக்கி வேறுபடும். இத்தாள்கள் ஒட்டப்பட்டது நெடுஞ்சாலையில் அன்று. நடந்து திரியும் இளைஞர் நிறைந்த வீதிகளின் விளக்குக்கம்பங்களிலும் கடைக் கண்ணாடிகளிலும். அவர்களுக்கு நேரம் இருந்தது. நின்று, தலைசாய்த்து, எழுத்தை அவிழ்த்து வாசித்தவன் அச்செய்தியைத் தானே கண்டுபிடித்தவன்போல மகிழ்ந்தான். அவிழ்க்க விரும்பாதவனுக்கு அவ்வழைப்பு உரியதன்று. பலர் தாளைக் கிழியாமற் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோயினர். அறிவித்தலை அறிவித்தற்கு முன்னரே பெயர்த்துச் செல்வதைக் கண்டு கச்சேரி நடாத்தியோர் மகிழ்ந்தனரோ வருந்தினரோ, யாமறியோம்.

இவ்வளவும் ஏற்றுக்கொண்ட பின்னரும் எமக்கொரு கருத்து உண்டு. வில்சனின் எழுத்தும் மொஸ்கோசோவின் நிறமும் முதன்முறை காணும்போது வியப்பளிக்கும். பத்தாவது தாளிலே உத்தியாகத் தெரியத் தொடங்கும். 1967 செப்ரெம்பர் 1ஆம் நாள் வெளிவந்த ‘லைப்’ சஞ்சிகை இச்சுவரொட்டி அலையையே முகப்பிற் போட்டது. அவ்வலையில் எழுந்தனவற்றுட் பெரும்பாலன இன்று அக்காலத்தின் சின்னங்களாகவே நோக்கப்படுகின்றன. 26ஆம் இலக்கத் தாளோ அவற்றினும் அடக்கமானது. அதன் எழுத்து வளைந்ததாயினும் வாசிக்க வருவது. நிறம் கண்ணைக் குத்தாதது. உருவம் நடுவே அசையாது நிற்பது. அதனாலேயே அது காலத்தைக் கடந்தது என்போம். அடக்கம் எங்கிருந்து வந்தது? சலிவனின் கோட்டிலிருந்து வந்தது. அவர் படத்தைச் சிதைக்காமல் விட்ட நிதானத்திலிருந்தும் வந்தது.

இனிக் கடனைப் பேசுவோம். சுவரொட்டியிலே சலிவன் பெயர் இல்லை.

நன்னூல் கற்றார்க்கு இஃது ஏன் உறுத்துகின்றது என்பதை விளக்கவேண்டியதில்லை. நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுக்கும் எம் மரபு, வழிநூலைத் தாழ்ந்ததாகக் கொள்ளவில்லை. முன்னோன் கூறியதை ஏற்று, பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் செய்வது வழிநூல். அதுவும் மதிப்புடைய நூலே. ஆனால் சிறப்புப்பாயிரத்திற் கூறவேண்டியன இவை என்று வகுத்த இடத்திலே, ஆக்கியோன் பெயரை அடுத்து வைக்கப்பட்டது ‘வழி’. இந்நூல் எதன் வழிவந்தது என்பதனை முகப்பிலேயே சொல்லிவிடல் வேண்டும் என்பது விதி. இவ்விதியைக் கொண்டு நோக்கின், கெலியும் மவுஸும் செய்தது சிறந்த வழிநூல். வழி கூறாத வழிநூல்.

வில்சன் ரொலரிடமிருந்து பெற்றதும் இதுவும் ஒன்றல்ல. எழுத்தமைக்கும் முறை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்வது. எல்லாக் கலைஞரும் அவ்வாறே கற்கின்றனர். யாப்பைக் கற்றவன் யாப்பை வகுத்தவன் பெயரை ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதான். ஆனால் பாட்டையே எடுத்தாள்பவன் பெயரைச் சொல்லவேண்டும். சலிவனிடமிருந்து எடுக்கப்பட்டது முறையன்று, படம்.

சமாதானம் கூறுவாரும் உளர். வாரத்துக்கொரு சுவரொட்டி, அவசர வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையிற் குப்பையாகப் போகும் தாள். அதிலே மூலம் குறிக்க எவருக்கு நினைவு வரும்? அன்றியும், சிகரெற்றுத் தாளின் வணிகச் சின்னத்தை 1966 யூன் மாதத்துச் சுவரொட்டி ஒன்றில் அப்படியே எடுத்தாண்ட இவர்களுக்கு, கண்டதை எடுத்தல் ஒரு விளையாட்டாகவும் இருந்தது. இச்சமாதானத்திலே உண்மை உண்டு. எதிர்காலம் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி எவனும் விளக்குக்கம்பத்துத் தாளைச் செய்வதில்லை. பின்னாளில் இருவரும் மூலத்தை மறைக்கவுமில்லை. கேட்டவர்க்கெல்லாம் சலிவன் பெயரையும் நூல்நிலையத்தையும் சொல்லினர். அவ்வளவுக்கு அவர்களை நாம் மதிக்கின்றோம். சட்டத்தை நோக்கின், ஆசிரியன் இறந்து 50 ஆண்டுகள் உரிமை நிலைக்கும் என்றிருந்த அக்காலத்துப் பிரித்தானியச் சட்டப்படி சலிவன் படைப்புகளின் உரிமை 1983ஆம் ஆண்டு முடியும்வரை உயிரோடிருந்தது. ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். நாம் பேசுவது சட்டத்தை அன்று. ஓர் அங்குல நீளத்தில் ஒரு பெயர். அதற்கு மை செலவாகாது; அழகும் குன்றாது.

குழுவின் பெயரை நினைக்கும்போது இக்குறை இன்னும் கூர்மையாகின்றது. இறந்தோன் ஒருவனுடைய கடனைத் தீர்த்தமையே அக்கதையின் உயிர். இங்கே, 33 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவர் முன்பின் அறியாத இரு இளைஞருக்குத் துணையாய் வந்து அவர்களுக்குப் பெரும்புகழ் எய்துவித்தார். கதையிற் கடன்தீர்த்தல் முன்னும் உதவி பின்னும் வந்தன. இங்கே உதவி முன் வந்தது. மறுபுறத்தையும் சொல்லவேண்டும்: பழைய படநூல்களைச் சேகரிப்பார் சிலரைத் தவிர வேறெவரும் நினையாதிருந்த சலிவனை இன்று இத்துணைப்பேர் அறிந்திருப்பது இச்சுவரொட்டியினாலேயே. ஆகவே கைம்மாறு நடவாமற் போகவில்லை, தாளில் எழுதப்படவில்லை.

பெயர் என்பது சிறு பொருளன்று என்பதை அக்கலைஞரே அறிந்திருந்தனர். வில்சன் தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்னும் மனக்குறையோடு 1967 மே மாதத்திற் பில்மோர் மண்டபத்து வேலையை விட்டார். கடைசித் தாளிலே டொலர் குறியோடு ஒரு பாம்பையும் வரைந்துவைத்தார். கெலியும் மவுஸும் ரோசா சூடிய அவ்வுருவத்தை மீண்டும் வரைந்து 1971இல் குழுவின் இசைத்தட்டு உறையில் அமைத்தனர். அதன்பின் அது குழுவின் இலச்சினையாகிச் சட்டையிலும் தொப்பியிலும் வண்டிக் கண்ணாடியிலும் ஏறிற்று. கார்சியா 1995இலும், ஹெல்ம்ஸ் 2005இலும், கெலி 2008இலும் மறைந்தனர். உருவம் மாத்திரம் உலகெங்கும் செல்கின்றது. அதனை மார்பில் அணிந்து திரிவோரை நிறுத்தி, வரைந்தது யார் என்று கேட்டாற் சலிவன் என்பாரும் சிலரே. கெலி, மவுஸ் என்பாரும் சிலரே. எழுத்தும் நாளும் மண்டபமும் உதிர்ந்து, வழியும் ஆக்கியோன் பெயரும் சேர்ந்தே உதிர்ந்துவிட்டன.

எம் மாணவர்க்கு இதனாற் பெறத்தக்கது உண்டோ எனின், உண்டு. கெலியும் மவுஸும் நூலைக் கையிலெடுத்தனர்; அதன் முகப்புத்தாளில் வரைந்தவர் பெயர் இருந்தது; எழுதாமல் விட்டாலும் அறிந்திருந்தனர். இன்று நாடகவிழாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ அறிவித்தல் செய்யும் மாணவன் கணினியிலே தேடுகின்றான்; படம் வருகின்றது; முகப்புத்தாள் வருவதில்லை. யார் வரைந்தது, எந்த நூலில், எந்த ஆண்டில் என்பன ஒட்டாத படமாய் அது அவன் கையில் விழுகின்றது. கேட்டதைக் கணினியே வரைந்து தரும் காலமும் வந்துவிட்டது. எண்ணிறந்த ஓவியரின் படங்களைக் கொண்டு அது பழக்கப்பட்டது. அவருள் ஒருவர் பெயரையும் அது சொல்வதில்லை. அன்று அவசரத்தால் விடுபட்ட பெயர், இன்று கிடைக்காமையால் விடுபடுகின்றது. தேடிக் காணுதல் இப்போது தனி வேலையாகிவிட்டது. அதனைச் செய்தற்கு ஆசிரியர் தூண்டவேண்டும்.

ஆதலின் கல்லூரி மன்றங்களின் செயலாளர்க்கு ஒன்று கூறுவோம். அறிவித்தற் பலகையில் ஏறும் ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் ஆக்கியோன் பெயரையும், பிறர் படமாயின் ‘வழி’ என்று குறித்து அவர் பெயரையும் எழுதுக. கிடைக்காவிடின் அப்படத்தை விட்டு, தாமே ஒன்றை வரைக. சித்திர ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சலிவனின் 1913ஆம் ஆண்டுப் படத்தையும் 1966ஆம் ஆண்டுச் சுவரொட்டியையும் பெரிதாக எடுத்து, வகுப்பறைச் சுவரிலே அருகருகே தொங்கவிட்டு, எவை மாறின, எவை மாறவில்லை என்று மாணவரை எழுதச் சொல்லலாம். ஒரு பாடவேளை போதாது, இரண்டு வேண்டும்.